பெயர் வெட்டிய தவலை

"ஆயிடும்மா, நீங்க கவலைப்படாம உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டே சக்ரவர்த்தி சைக்கிளில் ஏறுகிறான். அந்த அம்மாளுக்கு ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டுமாம். தாலுகா ஆபீஸில் அவனுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள் "ஆயிடும்" வாயிலிருந்து வந்துவிடும். எப்படி ஆகும் என்று யோசிக்கிற வேலை எனக்கு.

எங்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு அவன் தலைவன். அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளன் என்பதால் நான் அவனிடம் மாட்டிக்கொண்டவன். திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடமாட்டான். அதனால் லாரியில் பாதி மூட்டைதான் ஏறியிருக்கிறது என்றாலும், மணி ஐந்தரை ஆனால் போட்டது போட்டபடி தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவான். "அஞ்சே நிமிசம் சார்" என்பான். லாரிக்காரர் முறைப்பது என்னைத்தான்.

போன ஐப்பசிக் கடைசியில் நாகப்பட்டினத்துப் பக்கம் புயல் அடித்தபோது, இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்து பழந்துணி சேர்த்தோம். ஒரு வகுப்பறையே நிறைந்துவிட்டது. லாரி பேசி முடித்த அன்று, அங்கே முகாம் நடத்துகிறவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. துணி எல்லா ஊரிலிருந்தும் வந்து குவிந்து நனைகிறதாம். அரிசியும் கொடுத்தாகிவிட்டதாம். பொங்கித் தின்னத்தான் ஒரு குடிசையிலும் சட்டி பானை இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு முதலிலேயே ஒரு கார்டு போட, இத்தனை படித்த எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பாத்திரம் சேர்க்கத் தள்ளுவண்டிகளோடு, எங்கள் ஊர் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் போனோம். பத்து நாள் மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் முகம் காட்டியிருந்தது. தெருவுக்குத் தெரு தறிக்கான பட்டு நூல் பாவு ஒன்றை நீளமாக இழுத்துக் கட்டி, பூசிய கஞ்சி காய்வதற்குள் இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்தால் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டு நுழைந்தோம். "கண்ணு தெரியலியாப்பா? வண்டிய அப்பால தள்ளு" என்று ஒரு பெரியவர் கத்தினார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது.

பாவு சுருட்டியபிறகும் பாத்திரம் கிடைத்தபாடில்லை. ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயரை வெட்டித் தாய்வீட்டார் சீராகக் கொடுத்திருப்பார்கள். அதை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? நான் பக்கத்துத் தெருவில் வெறுங்கையோடு சுற்றிவிட்டு வந்து பார்த்தால், சக்ரவர்த்தியின் வண்டியில் தவலையும் குண்டானும் அண்டாவும் வழிகின்றன. எனக்கு ஒரே பெருமை. லாரி ஊர் எல்லையைத் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தான்.

"குடுங்கன்னு கேட்டா எப்பிடி சார் குடுப்பாங்க? இரவலா கேட்டேன். பொங்கலுக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடறேன்னு சொல்லியிருக்கேன்."

கல்யாணம், காதுகுத்து என்று பாத்திரத்தை இரவல் கொடுத்து வாங்கிப் பழகிய தெருக்கள் அவை. எங்கே போகிறது, எப்படித் திரும்பி வரும் என்று யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"யார் எதைக் கொடுத்தார்கள் என்று எழுதியாவது வைத்தாயா?"

"எதுக்கு சார்? பேருதான் வெட்டியிருக்குதே."

ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

மார்கழி பிறந்ததும், பாத்திரம் கொடுத்த பெண்கள் எங்கள் கல்லூரி வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். பலர் கேட்டுவிட்டுச் சலித்துப் போனார்கள். பூவம்மாள் மட்டும் விடவில்லை. பட்டு இழைத்துப் பிழைக்கிறவர். தையில் மகளுக்குக் கல்யாணம். அவருடைய தாயார் கொடுத்த பித்தளைத் தவலையைச் சீர்வரிசையில் வைத்தாக வேண்டும்.

"புதுசு வாங்கித் தரேன்னு மட்டும் சொல்லாத சார். எங்கம்மா எனக்குன்னு வெச்சது அது ஒண்ணுதான். அத எம்பொண்ணுக்குத் தராம வேற எத தருவேன்? திருப்பித் தரேன்னு சொல்லிக்கினுதானே இந்தப் புள்ள வாங்கிக்கினு போச்சு?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சக்ரவர்த்தி பார்த்தான். "வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல இருக்கும்மா" என்றான்.

இந்த முறை அவனைத் தனியே விடுவதாக இல்லை. மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், பூவம்மாளின் தவலை வந்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, நானும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் திட்டினேன். அவன் ஜன்னலோரத்தில் கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபடி வந்தான்.

கடற்கரைக் குப்பத்தில், விழுந்த குடிசைகளுக்குப் பதிலாக ஓலைச் சார்ப்புகள் புதிதாக நின்றன. முகாம்காரர் காட்டிய நாலாவது சார்ப்பில் தவலை அடுப்பில் இருந்தது. அடியெல்லாம் கரி, கழுத்தை மட்டும் தேய்த்துத் துடைத்திருந்ததில் பூவம்மாளின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. உலை கொதித்து அரிசி பாதி வெந்திருந்தது. அந்த வீட்டுக்காரி கங்கையம்மாளிடம் சக்ரவர்த்தி விஷயத்தைச் சொன்னான். அவள் சண்டைக்கு வருவாள் என்று நான் தயாராக நின்றேன்.

"இரவல் சாமான்னு யாரும் சொல்லலியே தம்பி. தெரிஞ்சிருந்தா கரி புடிக்காம மண்ணு பூசி வச்சிருப்பேனே" என்றாள்.

சொன்ன கையோடு எரிகிற விறகுகளை வெளியே இழுத்துப் போட்டாள். முந்தானையால் தவலையின் கழுத்தைப் பிடித்து இறக்கி வைத்தாள். சோற்றை எதில் கொட்டுவது என்று சார்ப்பைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தகரக் குவளையும் இரண்டு அலுமினியத் தட்டும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்துச் சார்ப்பைப் பார்த்தாள். அங்கேயும் பிள்ளையார்பாளையத்துக் குண்டான் ஒன்று அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"பூவம்மாளுக்கு வாக்குக் கொடுத்தது நீ" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சக்ரவர்த்தி கோணிப்பையை மடித்துக் கைப்பிடித் துணியாக்கி, தவலையைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தான். மண்டியிட்டு, வெளியே கிடந்த விறகை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, புகையில் கண்ணீர் வழிய, தீ பிடிக்கும்வரை ஊதிக்கொண்டே இருந்தான்.