குணா தேடிப்போன இரண்டாவது உருளை

வியாழக்கிழமை மத்தியானம், சோற்றில் கை வைத்த நேரம் கைப்பேசி அடித்தது. குளுவாங்கிலிருந்து குணாவின் மனைவி பார்வதி. "அண்ணே, அவரு போயிட்டாரு அண்ணே" என்றாள். எப்படி என்று கேட்காமல் எங்கே என்று கேட்டேன். சிகாமட் என்றாள். பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்திய மனிதர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. வேலை நாளில், லீவு போட்டுக்கொண்டு, சொந்தமோ பந்தமோ இல்லாத சிகாமட்டில் குணாவுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. அவளும் அன்று சொல்லவில்லை.

பழைய மோட்டார் சைக்கிள்களோடு மாரடிக்கும் நம் கூட்டத்தில் குணசேகரனைத் தெரியாதவர் இல்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் டீசல் மெக்கானிக். அறுபத்தொரு வயது. என்னைவிட ஏழு வயது இளையவர். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குணா கொடுத்த ஓர் இரும்பு உருளை நம்மில் ஒருவரிடமோ, நமக்குத் தெரிந்த ஒருவரிடமோ இருக்கிறது. அது யுத்த காலத்து வெடிகுண்டு. இன்னும் வெடிக்காதது. வைத்திருப்பவருக்கு அது குண்டு என்று தெரியாது. அதனால் அஞ்சலிதானே என்று பாதியில் மூடி வைத்துவிடாதீர்கள்.

யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் வடிகால் தோண்டும்போது, குணா கடைசியாகப் பழுது பார்த்த அந்த வண்டி கிடைத்தது. மண்வாரி இயந்திரம் ஓட்டியவர் குணாவைக் கூப்பிட்டு, "அலமாக், இது சைக்கிளா மோட்டாரா, வந்து பாருங்க லா" என்றாராம். சகதிக்குள்ளிருந்து ஒரு சட்டமும் எஞ்சினும் ஒரு சக்கரமும் வந்தன. அதே இடத்தில் இரண்டு உருளைகளும் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரே லாரியில் அள்ளிக்கொண்டு வந்து தன் கொட்டகையில் இறக்கினார் குணா. வண்டியோடு கிடைத்தது வண்டியுடையது என்பது நம் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். ஒரு நட்டைக்கூட விட்டுவிட்டு வர மாட்டோம்.

அது என்ன வண்டி என்று கண்டுபிடித்தது நான்தான். பாசிர் கூடாங்கில் முப்பத்தெட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் பெயர் சொல்லுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இல்லை, ரப்பர் வளையம் மாட்டும் கொக்கிகள் இருந்தன. கியர் காலால் அல்ல, டாங்கிக்குப் பக்கத்தில் கையால் மாற்றுவது. ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்பினால் வண்டியோடு ஒட்டி மடங்கும். நூற்று இருபத்தைந்து சிசி, டூ ஸ்ட்ரோக். விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்குவதற்காக பிரிட்டிஷ் பட்டாளத்துக்குச் செய்த இலேசான வண்டி. ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு திரும்பி வந்த பட்டாளம் கொண்டுவந்திருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல குணா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். சட்டத்தில் எண்ணைத் தேடும்போது மட்டும் என்னைத் தடுத்தார். "சொரண்டாதீங்க அண்ணே. நம்பர் ஒருக்கா போச்சுன்னா வண்டிக்குப் பேரே போச்சு." மண்ணெண்ணெயில் நனைத்த துணியை வைத்து மூன்று ஞாயிறு ஊறவிட்டுத்தான் அந்த எண்ணை வெளியே கொண்டுவந்தார்.

அப்புறம் உருளைகள். ஒரு அடிக்குச் சற்று குறைவு, மேலெல்லாம் கல்லாகிப்போன சகதி. அந்த வண்டியில் சத்தம் கேட்காமல் இருக்கப் புகைக்குழாயில் இரட்டைச் சைலன்சர் வைத்திருப்பார்கள் என்று நான் படித்திருந்தேன். இரண்டு உருளை, இரண்டு சைலன்சர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "இதுதான் அது" என்று சொன்னேன். குணா ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "தகரத்துக்கு ஏன் இந்தக் கனம் அண்ணே?" என்று கேட்டார். உள்ளே மண் இறுகி சிமெண்டாகி இருக்கும், சூடு காட்டினால் இளகும் என்றேன். அவர் உடனே உருளையை வைஸில் இறுக்கி, கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துப் பிடித்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து பால் ஊற்றாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தேன். பார்வதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் இருக்கும், கேஸ் தீர்ந்துபோனது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எழுந்தோம்.

குணாவின் கை எப்போதும் கொடுக்கும் கை. "சாமானுக்கு ஏது அண்ணே சொந்தக்காரன்? யாருக்கு ஆகுதோ அவங்களோடதுதான்" என்பார். கொட்டகைக்கு வந்தவர் யாராக இருந்தாலும் சாக்கில் எதையாவது போட்டுக் கொடுத்து அனுப்பாமல் இருக்க மாட்டார். உங்களில் பாதிப் பேர் வண்டியில் அவர் கொடுத்த சாமான் ஒன்றாவது ஓடுகிறது. நானே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன், ஒரு நாள் வண்டியையே சாக்கில் போட்டுக் கொடுத்துவிடப் போகிறீர் என்று.

மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பினேன். வந்த முதல் ஞாயிறே கொட்டகைக்குப் போனேன். வண்டியில் புதுச் சைலன்சர்கள் இருந்தன. மெல்லிய தகடு, குணா கையாலேயே வளைத்து ஒட்டியவை, அத்தனை அழகு. பழையது எங்கே என்று கேட்டேன். "அது அழுகிப்போச்சு அண்ணே. ஆகாது, தூக்கிப் போட்டுட்டேன்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நட்டைத் தூக்கிப் போடாத மனிதர் சைலன்சரைத் தூக்கிப் போட்டாராம், நானும் நம்பினேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கொட்டகையில் இருப்பது குறைந்தது. பத்து பகாட் போனேன், மூவார் போனேன், கார்புரேட்டர் தேடுகிறேன் என்பார். கார்புரேட்டர் வண்டியில் மாட்டித்தான் இருந்தது. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. சர்க்கரையா என்று கேட்டதற்குச் சிரித்தார். வண்டி முதன்முதலாகக் கிளம்பிய அன்று நாங்கள் எல்லோரும் கூச்சல் போட்டுக் குதித்தோம். குணா ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தி, வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

கருமாதிக்கு மறுநாள் பார்வதி என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். நான் சிங்கப்பூரில் இருந்தபோது வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதே வண்டியின் புகைக்குழாய்ப் படத்தை அனுப்பியிருக்கிறார். அதில் இருந்தது விரலால் அமுக்கினால் அமுங்கும் தகரம். குணா கொட்டகைக்குப் போய் உருளையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாராம். சுற்றிலும் செம்பு வளையம். பட்டாளத்துக் குண்டுக்குத்தான் அப்படி வளையம் இருக்கும் என்று தோட்டத்துக் கிழவர்கள் சொல்லி அவருக்குத் தெரியும். "வெளிய வந்தாரு அண்ணே. மூஞ்சியில ரத்தமே இல்ல. பிள்ளைங்கள கூட்டிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போ, ஏன்னு கேக்காத அப்படின்னாரு."

அதன் பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். துணி துவைக்கும் தொட்டியில் ஈர மணலை நிரப்பி, குண்டை அதில் பதித்து, காரில் வைத்துக்கொண்டு, குளுவாங்கிலிருந்து யோங் பெங் தோட்டம் வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். வழியெல்லாம் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள். வடிகால் ஓரத்தில் இறக்கிவைத்துவிட்டு, இப்போதுதான் கண்ணில் பட்டது என்று போலீசுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் வந்து ஆளை விலக்கி, அங்கேயே வெடிக்கவைத்தார்கள். பாதி செம்பனை மரம் காணாமல் போனதாம். ஆனால் அவர் சொன்னது ஒரு குண்டைப் பற்றித்தான். இரண்டாவதை அதற்கு மூன்று வாரம் முன்பே, சைலன்சர் கேட்டு வந்த யாருக்கோ கொடுத்து அனுப்பிவிட்டார்.

"ஏம்மா போலீஸ்ல சொல்லல?" என்று நான் கத்தியே விட்டேன். பாவம், அவள் மேல் கத்தி என்ன பயன்? "மொதல்ல வண்டிய எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு பயந்தாரு. அப்புறம், உங்களுக்காக அண்ணே. சைலன்சருன்னு சொன்னது அண்ணன், அவரு காதுக்குப் போச்சுன்னா அந்த மனுசன் அதுக்கப்புறம் தூங்கவே மாட்டாரு, நானே தேடி வாங்கிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டாரு." அப்படித்தான் ஏழு மாதம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஏழு மாதம்! அடப்பாவி மனுஷா, என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேராகத் தேடியிருப்போமே. ஒருவனைத் தூங்கவைப்பதற்காக இன்னொருவன் வீட்டில் குண்டை விட்டுவைப்பதா? செத்துப்போனவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன். திட்டிவிட்டு அழுகிறேன்.

பார்வதியும் நானும் போலீஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். வாங்கிப்போனவர் பெயர் கேட்டார்கள், வண்டி எண் கேட்டார்கள். எங்களிடம் இரண்டும் இல்லை. நாற்பது வயது இருக்கும், தமிழர், ஆரஞ்சு நிற ஹெல்மெட், வடக்கே இருந்து வருவதாகச் சொன்னார், மனைவி நிறைமாதமாக இருக்கிறாள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பார்வதிக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

குணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தாள். பிள்ளைகளின் நோட்டிலிருந்து கிழித்தது. அதில் ஊர்ப் பெயர்களை எழுதி, பார்த்து முடித்த ஊரைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். சிகாமட்டில் கோடு இல்லை. போன வாரம் நான் சிகாமட் போய், இருக்கிற பட்டறை எல்லாவற்றிலும் கேட்டுவிட்டு வந்து அதை அடித்தேன். அடுத்தது லாபிஸ். வண்டியைப் பார்வதி எனக்குத்தான் என்றாள். அதை ஓட்ட எனக்கு மனமில்லை.

நண்பரே, உங்கள் பெயர் தெரியாது. அந்தச் சாக்கை எங்கே வைத்தீர்களோ அங்கேயே விட்டுவிடுங்கள். தட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், தூக்கிப் பார்க்கக்கூட வேண்டாம். வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, தூரத்தில் நின்று போலீஸைக் கூப்பிடுங்கள். உருளையின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். குணா சொல்லச் சொல்ல பார்வதி எழுதியது. சைலன்சர் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, அண்ணன் பார்த்துச் சொன்னது, நம்பி மாட்டலாம் என்று எழுதியிருக்கிறாள்.

நம்பாதீர்கள்.