கேக்குதுங்களா

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு லிங்க் அனுப்பியது நான்தான். திண்டுக்கல்லில் பள்ளிக்கூடங்களுக்கும் மில் ஆபீஸ்களுக்கும் வீடியோ மீட்டிங்குக்கு வேண்டிய கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டிக்கொடுக்கும் கடையில் எனக்கு வேலை. மாட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. மீட்டிங் நாளில் போனும் கையுமாக உட்கார்ந்து, படம் வருகிறதா, சத்தம் வருகிறதா என்று கேட்டு ஒவ்வொருவரையும் உள்ளே கூட்டி வர வேண்டும். "கேக்குதா, கேக்குதா" என்றுதான் என் பொழுது போகும். பெரிய பெரிய தாளாளர்கள் தங்கள் மைக்கை மூடி வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவனைச் செவிடன் என்று திட்டுவார்கள். சம்பளம் வாங்குகிற வாய் என்பதால் என்னுடையது சிரித்துக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவில் இருந்தார். அவருடைய அம்மாவும் தாய்மாமனும் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறவர்கள். ஒட்டன்சத்திரம் ஒன்றும் கடல் கடந்த தேசமில்லை, பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனாலும் தாய்மாமன் அப்பாவிடம், "மொதல்ல வீடியோவுல பாத்துக்கலாமுங்க. புடிச்சுதுன்னா நேர்ல வர்றோமுங்க. சும்மா எதுக்கு ரெண்டு பக்கமும் அலைச்சலு" என்று சொல்லிவிட்டார். முன்பு வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டாவது வேண்டாம் என்றார்கள். இவர்கள் தின்னாமலே சொல்லப்போகிறார்கள் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டியை ஓங்கினாள். கேசரியை மட்டும் நிறுத்தவில்லை.

அப்பா நூல் மில்லில் ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு முப்பத்துமூன்று வயது. என்னை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடலாம் என்பதை, காப்பிக்குச் சர்க்கரை போதும் என்று சொல்வதைப் போலத் தினமும் சாதாரணமாகச் சொல்வார். இந்த இடம் தட்டிப் போனால் இனி ரெண்டாந்தாரமாகத்தான் பார்க்க வேண்டும் என்று தரகர் வேறு அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார். அதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

மீட்டிங்குக்கு முந்தின நாள் அவர் போனில் ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தாருக்கு யார் யாரென்று தெரிய வேண்டுமே என்று அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பொண்ணோட அப்பா' என்று அடித்து வைத்தேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பிடித்திருந்தது என்பதற்கு அடையாளமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்க இருக்குத்தா?" என்றார்.

"ஒரு ரூமு மாதிரின்னு வச்சுக்கங்கப்பா. இந்த லிங்க்கை அமுத்துனாப் போதும். அவுக எங்க இருந்தாலும் அங்க வந்துருவாக."

"நான் அமுத்துனாலுமா?"

"ஆரு அமுத்துனாலும்தான்."

அவர் தானே ஒரு தடவை அமுத்திப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்னறையை ஒரு கிளையன்ட் ஆபீஸைத் தயார் செய்வது போலவே தயார் செய்தேன். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் முகம் இருட்டடிக்கும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பெண் காப்பித் தட்டோடு நடந்து வருவதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். காப்பி அவர்களுக்குக் கிடையாது, நடை மட்டும் வேண்டும். கால் நொண்டுகிறதா என்று பார்க்கத்தானே. தலையும் பாதமும் படத்துக்குள் அடங்குமாறு கேமராவைப் பின்னால் தள்ளி, நான் வந்து நிற்க வேண்டிய இடத்தில் தரையில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். சந்தையில் மாட்டைக் கட்டுகிறவன் வேறொருவன். இங்கே மாடே முளையை அடித்துக்கொண்டது.

"இன்னொரு லைட்டைப் போடேன்டி" என்றாள் அம்மா.

"லைட்டு போட்டா சுவருதான் வெள்ளையாகும்" என்றேன்.

மீட்டிங் தொடங்கியதும் என் குரலே எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. அங்கே தாய்மாமன் லேப்டாப்பை டிவியோடு இணைத்திருந்தார். அது போதாதென்று மாப்பிள்ளையின் அம்மாவும் தன் போனில் தனியாக நுழைந்து அதே அறையில் உட்கார்ந்திருந்தார். ஒரே அறையில் இரண்டு மைக் இருந்தால் எதிரொலி வரத்தான் செய்யும். நான் தாய்மாமனைப் போனில் கூப்பிட்டு, "சார், அம்மா போன்ல இருக்குற மீட்டிங்கை மட்டும் கட் பண்ணிருங்க" என்றேன்.

போனை அந்த அம்மாள் வாங்கினார். "ஏனுங்க, நல்ல காரியம் பேசறப்ப கட்டு கிட்டுன்னு வாயில வரலாமுங்களா?"

"தப்புத்தாங்க. நிறுத்திருங்க."

"நிறுத்தறதுன்னும் வேண்டாமுங்க."

எங்கள் வீட்டிலும் விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், குளிர வை என்போம். அதனால் அந்த அம்மாளின் சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனால் மீட்டிங்கை எப்படிக் குளிர வைப்பது என்று எங்கள் கடையில் யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில், "போனை ஆஃப் பண்ணி பூஜை ரூமுல வச்சிருங்க" என்றேன். அப்படியே செய்தார். எதிரொலி நின்றது.

தட்டோடு நடந்து வந்து டேப்பின் மேல் நின்றேன். ஒட்டன்சத்திரத்தில் இருவரும் டிவியை அண்ணாந்து பார்த்தார்கள். இன்னொரு கட்டத்தில் மாப்பிள்ளை. நீல நிறச் சட்டை, பின்னால் வெற்றுச் சுவர். படம் நடுவே ஒரு முறை உறைந்து, பிறகு வந்தது. அப்போது அவர் என்னைப் பார்த்து, "நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுங்களா?" என்றார்.

நான் ஊரையே கேட்கிற கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்குது என்றேன். பிடித்துவிட்டது. முப்பத்துமூன்று வயதில் இவ்வளவு சுலபத்தில் விழுந்தது வெட்கம்தான், ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். அங்கே குளிரைப் பற்றிச் சொன்னார், சிரித்தேன். பல் தெரியச் சிரித்ததற்கு அம்மா பின்னாலிருந்து இருமி எச்சரித்தாள்.

முடிவில் தாய்மாமன் கையெடுத்துக் கும்பிட்டு, "அப்பறம் ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோமுங்க" என்றார். இருந்தது அவர் வீட்டு சோபாவில். எந்த ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவார்? பெண் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன் சொல்ல வேண்டிய வாசகம் அது, இடம் மாறினால் என்ன. அப்பா அதை நம்பி, அவர்களை வாசல் வரை வழியனுப்புகிறவர் போல எழுந்தே நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை ஒரு 'பை' சொல்லிவிட்டு வெளியேறினார். கட் என்ற சொல்லில் பயமில்லாதவர் அவர் ஒருவர்தான். தாய்மாமன் மீட்டிங்கை முடிக்கிற சிவப்புப் பொத்தானின் பக்கம் போகவேயில்லை. ரிமோட்டை எடுத்து டிவியை அமர்த்தினார். எங்கள் முகங்கள் மறைந்ததும் நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்தார்கள். லேப்டாப் மேஜை மேல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது.

நான் மீட்டிங்கை முடிக்கக் கையை நீட்டினேன். "இருத்தா, அவுக மொதல்ல போகட்டும்" என்றார் அப்பா. வந்தவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலை விட்டு உள்ளே வராத மனிதர். எங்கள் மைக்கை மட்டும் மூடினேன். அவர்கள் போகவில்லை. நாங்களும் போகவில்லை.

"ஏண்ணா, போட்டோவுல பாத்த புள்ளையா இது?" என்றார் அந்த அம்மாள். சத்தம் துல்லியமாக வந்தது. நான் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்.

"போட்டோவுல ஒரு நெறம், இங்க ஒரு நெறம் அம்மிணி. லைட்டெல்லாம் போட்டுப் பாத்திருக்காங்க. அப்பவும் எடுபடல."

"சிரிச்சா ஈறுதான் தெரியுது. முப்பத்தி மூணுங்கறாங்க, நாலு வருசம் அமுக்கியிருப்பாங்க. ஏணி மேல ஏறி கேமரா மாட்டற பொம்பளையாம்ல."

"அந்தப் புள்ளையோட அப்பன் என்ன, நாம என்ன சொன்னாலும் பூம்பூம் மாடாட்டம் தலையாட்டறாரு."

அம்மா கேசரித் தட்டோடு நின்றவள் நின்றபடி இருந்தாள். அப்பா திரையை நோக்கிக் குனிந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். அவமானம் தாங்காமல் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மாள் பூஜை அறையிலிருந்து தன் போனை எடுத்து வந்து, ஆன் செய்து மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "ஏஞ்சாமி, உனக்கு எப்படித் தோணுது?"

நீலச் சட்டைக்காரரின் குரல் அந்தப் போன் வழியாக, அந்த லேப்டாப் வழியாக, எங்கள் முன்னறைக்கு வந்தது. கொஞ்சம் தகரம் தட்டினாலும் அதே இனிமையான குரல்தான்.

"முடிச்சிரலாம்மா. இங்க வந்தா அது மூஞ்சிய யாரு பாக்கப் போறாங்க? சமையலு, தொடைக்கறது, தொவைக்கறது எல்லாம் நாமளேதான் செய்யோணும். ஆள் வெச்சாக் கட்டுபடியாகாது. வயசாயிருச்சுல்ல, வாழ்க்கை குடுத்ததே பெருசுன்னு வாயத் தொறக்காம கெடக்கும்."

"அதுவும் சரிதான் சாமி" என்றார் அவர் அம்மா.

உடம்பில் ரத்தம் கொதித்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். யாரோ என்னை முழுக்க உரித்துப் பார்த்துவிட்டு, தரை துடைக்க ஆகும் என்று எடுத்துக்கொண்டது போல இருந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"முடிச்சிரலாம்னு சொல்லிட்டாப்ல, கேட்டியா" என்றார் மெதுவாக. அவ்வளவையும் கேட்ட காதில் அந்த ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது. "மாப்ள வாயாலயே சொல்லிட்டாப்ல."

"மத்ததெல்லாம் கேக்கலையாப்பா?"

"பொண்ணு பாத்தா நாலும் பேசத்தான் செய்வாக. நாம கேக்கல. அம்புட்டுத்தான்."

மீட்டிங்கை முடித்தேன். சற்று நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. தாய்மாமன்தான். "ஏனுங்க, வீட்டுல கலந்து பேசிட்டமுங்க. பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்குதுங்க. எங்களுக்குப் பரிபூரண சம்மதமுங்க." அப்பா, "ரொம்ப சந்தோசமுங்க, ரொம்ப சந்தோசமுங்க" என்று அவர்களுடைய ங்க-வையே போட்டுத் தலையை ஆட்டினார். போனில் பேசும்போதும் தலையை ஆட்டுகிறவர். பூம்பூம் மாடு என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. அப்படித் தோன்ற வைத்ததற்காகத்தான் அவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை.

போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"சார், நீங்க டிவியைத்தான் அமத்துனீங்க. மீட்டிங் நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஈறுலருந்து தொவைக்கிறது வரைக்கும் எல்லாம் கேட்டுச்சு."

"ஏனுங்கம்மணி, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"நாங்களும் ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம் சார். இது நல்ல காரியம் இல்ல. அதுனால கட் பண்றேன்."

கட் பண்ணினேன்.

அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, பவுடரைத்தான் துடைத்தாள். அப்பா சொன்னது ஒன்றுதான்: "கேக்காத மாதிரி இருந்திருக்கக் கூடாதாத்தா?" அதற்கப்புறம் அவர் என்னோடு நேராகப் பேசுவது நின்றுபோனது. எனக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார். நானும் இறங்கிப் போகவில்லை. தரகர் எங்கள் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

மாதங்கள் சில போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்து மில் ஒன்றின் மீட்டிங்குக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்து நின்றது. பழைய மீட்டிங்கின் வெயிட்டிங் ரூமில் ஒருவர் இருக்கிறாராம். அந்த லிங்க்கை நான் அழிக்கவேயில்லை.

'பொண்ணோட அப்பா' காத்திருக்கிறார்.

கீழே இரண்டு பொத்தான்கள். உள்ளே விடு, வெளியேற்று. கதவு இடுக்கு வழியாக முன்னறை தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்த நாற்காலியை அன்றைக்கு நான் போட்ட அதே திசையில் திருப்பிப் போட்டு, போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். யார் அமுத்தினாலும் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று நான்தானே சொன்னேன்.

"ஹலோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாந்தாங்க, பொண்ணோட அப்பா. கேக்குதுங்களா?"

பாவமாக இருந்தது. கோபமும் குறையாமல் அப்படியே இருந்தது. எனக்கு நன்றாகவே கேட்டது. நான் எந்தப் பொத்தானையும் அமுத்தவில்லை.