நாலாவது கம்ப்யூட்டர்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது பட்டப்பகலில். பார்த்தவர்கள் இரண்டு பேர், அக்காவும் தங்கையும்.

அக்கா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நெட்வொர்க் பரீட்சை பாஸானால் வேறு இடத்தில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தங்கையையும் துணைக்கு இழுத்துக்கொண்டு பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். அங்கே நிஜ வயர் கிடையாது. கம்ப்யூட்டர்களைத் திரையில் படமாக வரைந்து, சாஃப்ட்வேரிலேயே இணைத்துப் பழக வேண்டும். ஒன்று இன்னொன்றை ‘இருக்கியா?’ என்று கேட்கும். சின்னக் கடித உறை ஒன்று கோட்டின் மேல் ஊர்ந்து போகும். ‘இருக்கேன்’ என்று திரும்பி வரும். அவ்வளவுதான்.

ஜன்னலோர மெஷின் அக்காவுக்கு. தொட்டதுமே முகம் சுளித்தாள். கீபோர்டு பிசுபிசுவென்று இருந்தது. துடைத்தாள். மறுபடி பிசுபிசுப்பு... துணியில் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி.

மூன்று கம்ப்யூட்டர் வரைந்தாள். உறையை அனுப்பினாள். பதில் வந்தது. பின்னாலேயே இன்னொரு உறை. அவள் அனுப்பாதது.

திரையின் ஓரத்தில் நாலாவதாக ஒரு கம்ப்யூட்டர்.

“நீ வரைஞ்சியா?”

“உன் மெஷினை நான் எதுக்குக்கா தொடப்போறேன்?”

அழித்தாள். வந்தது. அழித்தாள். இந்த முறை கோடு போட்டு இணைந்தே வந்தது. இருக்கியா... இருக்கியா... உறைகள் புழு மாதிரி நெளிந்து வந்தன.

கூடவே நாற்றம். கெட்டுப்போன இறைச்சி... அதன் மேல் தெளித்த சென்ட். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஆஃப் பண்ணுக்கா.”

ஆஃப் செய்தாள். திரை இருண்டது.

டக்... டக்...

கீபோர்டில் ஒரே ஒரு பட்டன் தானாக அமுங்கி எழுந்தது. அடியிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது.

விரலில் பட்டது.

வெதுவெதுப்பு.

அங்கேயே வாந்தி எடுத்தாள்.

மையத்துக்காரர் வந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“நாற்காலியை மாத்திட்டேனேம்மா. கீபோர்டு நல்லாத்தான் இருந்துச்சு. தூக்கிப்போட மனசு வரல.”

“நாற்காலியை எதுக்கு மாத்தினீங்க?”

தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போய்விட்டார்.

கீழ்க்கடைத் தையல்காரர்தான் சொன்னார். போன வருஷம் அங்கே படித்த ஒருவன், வலிப்பு வந்து அந்த மேசையிலேயே கவிழ்ந்திருக்கிறான். மையத்துக்காரர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பத்து நாள் தொடர் விடுமுறை. திறந்தபோது முகம் கீபோர்டோடு ஒட்டிக் கிடந்ததாம்.

அக்கா வேறு இடத்தில் படித்துப் பாஸானாள். அதற்கும் பிறகுதான், செத்துப்போனவனின் உடலைப் பரிசோதித்த டாக்டர் சொன்னது அவள் காதுக்கு வந்தது.

பூட்டும்போது அவன் சாகவில்லை. மூன்றாம் நாள்வரை உயிர் இருந்திருக்கிறது.