இடது பக்கம், கீழே

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே அறையில் நெஞ்சுப் படம் எடுக்கிறார். "தாடையை இதுமேல வைங்க. தோளை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... விடுங்க." ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் இதையே சொன்னால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

படம் திரைக்கு வந்ததும் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "என்னக்கா, வெறும் இருமலா, நிமோனியாவா?"

"டாக்டர் சொல்வார்."

படம் எடுப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. முகத்திலும் எதையும் காட்டக் கூடாது என்பது அவராகப் போட்டுக்கொண்டது. ஆனால் பார்த்ததும் தெரிந்துவிடும். மூச்சுக்குழாய் மட்டும் அழற்சியாகியிருந்தால் அது பிராங்கைட்டிஸ். இருமல் ஆளையே உலுக்கும். படத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, நுரையீரல் கறுப்பாகத் தெளிவாக நிற்கும். நிமோனியாவில் காற்று இருக்க வேண்டிய பைகளில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த இடம் வெள்ளை. வராந்தா அதிர இருமியவர் வீட்டுக்குப் போவதும், சத்தமில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தவர் வார்டுக்குப் போவதும் அவர் அடிக்கடி பார்த்தது.

ஒரே மகள். மூன்று வருடமாகக் கடல் தாண்டி வேலை. விமானத்தில் பதினோரு மணி நேரம். தினமும் போன் வரும். வீடியோ கேட்டால், "தலைகூட வாரலம்மா" என்று கேமராவை மேலே திருப்பிவிடுவாள்.

"மூணு வருஷமா உன் வீட்டு ஃபேனைத்தான்டி பாக்குறேன். அதுவும் இளைச்சுப் போச்சு."

போன வாரம் மகளுக்கு இருமல். அங்கே டாக்டர் பிராங்கைட்டிஸ் என்றார். இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், ஓய்வு போதும் என்றார். மூச்சக்காவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எட்டாம் நாள் காலை, அறையைத் திறக்கும்போது போன்.

"இருமல் குறைஞ்சிருக்கும்மா. விட்ட காய்ச்சல்தான் திரும்ப வந்திருக்கு. நடுக்கம் வேற. மூச்சு இழுத்தா இடது பக்கம் சுருக்குன்னு குத்துது."

"போனை நெஞ்சுமேல வச்சுட்டுப் பேசாமப் படு."

"எதுக்கு?"

"படுன்னா படு."

மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு நிமிடம்: இருபத்தெட்டு. இருபதுக்குள் இருக்க வேண்டியது.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போ, இப்பவே. படம் எடுக்கச் சொல்லு."

"அதே இருமலுக்கு மறுபடியும் போனா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். இருமல்னு ஆரம்பிக்காதே. காய்ச்சல் திரும்பிருச்சு, மூச்சு இழுத்தா குத்துதுன்னு சொல்லு."

அடுத்த மூன்று மணி நேரத்தில் முப்பத்தொரு பேர். ஒருவரிடம் "பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அக்கா, முத்துக் குளிக்கவா போறேன்? விடச் சொல்லுங்க!"

முப்பத்திரண்டாவது ஆள் உள்ளே வரும் முன் போன் அதிர்ந்தது. படம் வந்திருந்தது. கூடவே மகளும் அழைத்தாள்.

"டாக்டர் வர நேரமாகுமாம். என்னம்மா இருக்கு?"

முதலில் கண்ணில் பட்டது கழுத்தெலும்பு. பதினாலு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒட்டிய இடம், அதே சின்ன மேடு. அந்தப் படத்தையும் அவர்தான் எடுத்தார். விலாவுக்கு வெளியே சதை நிழல் மெலிந்திருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை. மூன்று வருடம் கழித்து மகள் நேராக நின்று முகம் கொடுத்த மாதிரி இருந்தது, முகம்தான் அதில் இல்லை. அப்புறம்தான் கீழே பார்த்தார். இதய நிழலை ஒட்டி, உள்ளங்கை அளவுக்கு வெள்ளை.

"டாக்டர் சொல்வார்" என்றார்.

"அம்மா, என்கிட்டயேவா?" சிரிக்கப் போய் இருமினாள். "ஸ்கூல் விட்டு வந்து உன் ரூம் வாசல்லதானே வீட்டுப்பாடம் எழுதுவேன்? படம் நல்லா இருந்தா, 'டாக்டர் சொல்வார், போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவே. ஏதாவது இருந்தா வெறும் 'டாக்டர் சொல்வார்'தான்."

இருபத்திரண்டு வருடத்தில் இது அவருக்கே தெரியாது.

"இடது பக்கம், கீழே" என்றார் மெல்ல. "நிமோனியாதான். நேரத்தோட போயிட்டே, மருந்துல அடங்கிடும். டாக்டர் வர்ற வரைக்கும் எங்கயும் எந்திரிச்சுப் போகாதே."

"நீ இங்க இருந்திருக்கலாம்மா."

"அடுத்தவங்க நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறு வாரம் கழித்து இன்னொரு படம் வந்தது.

"இப்பச் சொல்லு."

முழுக்கக் கறுப்பு, தெளிவு. "டாக்டர் சொல்வார், போயிட்டு வா."

இருவரும் சிரித்தார்கள். "அப்ப வைக்கவா?" என்றாள் மகள்.

கழுத்தெலும்பின் மேட்டை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தார் மூச்சக்கா.

"இருடி. இன்னும் பாத்து முடிக்கல."