ஐஸ் பெட்டியும் நாலு சர்வரும்

எங்கள் வீட்டுக்காரர் இறந்த அன்று ஓசூரில் மத்தியானமே கரண்ட் போய்விட்டது. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. மகள் டெல்லியிலிருந்து வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

உள்ளறையில் மகனுடைய நாலு சர்வர்கள் மட்டும் பேட்டரியில் ஓடின. அவற்றில் நாலு கம்பெனிகளின் வெப்சைட்டுகள் இருந்தன. முன்னால் ஃபயர்வால் என்று ஒரு சின்னப் பெட்டி. வெளியிலிருந்து வருகிறவர்களை விசாரித்து அவரவர் சர்வருக்கு அனுப்பும். வீட்டுக்காரருக்கு அதில் அத்தனை பெருமை.

"ரெண்டையும் பேட்டரி தாங்காதும்மா. சர்வருங்கள நிறுத்திடறேன்" என்று மகன் எழுந்தான்.

"வேணாம் சாமி. நம்மள நம்பிக் குடுத்திருக்காங்க. ஐஸ் கட்டி வாங்கியாரச் சொல்லு" என்றேன்.

நாத்தனார் பொரிந்தாள்: "ஏன் அண்ணி, எங்கண்ணனவிட அந்தப் பொட்டிங்க பெருசாப் போச்சா?"

"உங்கண்ணன் காய்ச்சல்லகூட ஷிப்டுக்குப் போன மனுசன். இப்ப நிறுத்தச் சொல்வாரா?"

சொல்லிவிட்டேனே தவிர, மனசு அடித்துக்கொண்டது. அவருக்கு இருபுறமும் ஐஸ் கட்டிகளை அடுக்கினோம். உருகிய தண்ணீரை நானே துணியால் ஒற்றி எடுத்தேன். வேறு யாரையும் விடவில்லை.

மகள் வந்து அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். "சில்லுன்னு அப்பிடியே இருக்காரும்மா" என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் நான் அழுதேன்.