ரோதைமுனி எடுத்துக் கொடுத்த பள்ளிக்கூடம்

நான் எழுதுகிறவள் இல்லை. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஏ.எல்., அதாவது உயர்தரம் வரை படித்தேன், அதற்குப் பிறகு பில் எழுதியதுதான் என் எழுத்து. மகளின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள், பெற்றோரும் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று டீச்சர் கேட்டார். முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலைக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் தேடி நானும் கணவரும் ஏறாத படி இல்லை. எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. என் பள்ளிக்கூடத்தை ஒரு சாமி தேர்ந்தெடுத்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் இரண்டு வழி இருந்தது. தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் நடந்தால் அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடம் வரும். அங்கே ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு வரை படிக்கலாம். மற்றது ஹட்டன். அங்கே அதற்கும் மேலே ஏ.எல். வரை இருந்தது. ஆனால் அதற்கு நோர்வூட்டிலிருந்து வருகிற முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அந்த பஸ் எங்கள் சந்தியைத் தாண்டும்போது சரியாக விடிந்திருக்காது. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து சந்திவரை ஒரு விளக்கு கிடையாது. மழைக்காலத்தில் பனிமூட்டம் வேறு. அம்மாவுக்கோ காலையில் ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பெயர் கொடுக்க ஓடவேண்டும்.

நான் ஹட்டனுக்குத்தான் போவேன் என்று வகுப்பில் எல்லோரிடமும் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இப்போது நாலுபேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற நான், பத்து வயதில் அப்படி இல்லை. சித்தி அப்போது ஹட்டனில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். அவரைப் பார்க்கப் போனபோது அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் டை கட்டிக்கொண்டு வரிசையாகப் பாதை கடந்ததைப் பார்த்திருந்தேன். அன்றைக்கே எனக்குள் முடிவாகிவிட்டது. வீட்டில் முடிவாக வேண்டியதுதான் பாக்கி.

வீட்டில் முடிவெடுக்கிறவர் பெரியப்பா. அவர் கங்காணி. லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில் இருந்தார். அப்பாவுக்குப் பெக்டரியில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அப்பா அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பாவின் மூன்று பெண்களும் அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பாதியில் நின்று, கொழுந்துக் கூடை தூக்கியவர்கள்.

"பொட்டப்புள்ள இருட்டுல பஸ்ஸுக்கு நடக்கிறதா? ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் பெரியப்பா.

"அண்ணன் சொல்றதுதான் சரி. பக்கத்துலயே போகட்டும்" என்றார் அப்பா.

பெரியப்பா போனதும் அம்மா அடுப்பை ஊதிய ஊதலில் சாம்பல் வீடெல்லாம் பறந்தது. "அண்ணன் தும்முனா இவரு மூக்கத் தொடைப்பாரு" என்று அம்மா அடுப்பிடம் சொன்னார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அம்மா விடவில்லை. அப்பாவிடம் பேச்சை நிறுத்தினார். பெரியம்மாவிடம் மட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசினார். நான் என் பங்குக்குச் சாப்பிடாமல் கிடந்தேன். பசித்தால் பெரியம்மா வீட்டில் போய்ச் சாப்பிட்டேன். கடைசியில் பெரியப்பாவுக்கே தாங்கவில்லை. முனிகிட்ட பூக் கேட்போம், சாமி சொன்னால் எனக்கும் சம்மதம் என்றார்.

ரோதைமுனி பெக்டரிக்குப் பின்னால் மரத்தடியில் இருக்கிற சாமி. மிஷினின் ரோதை, அதாவது சக்கரம், யாருடைய கையையும் கடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கல்யாணமோ காணியோ, இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டுமென்றால் எங்கள் லயத்தில் அவரிடம்தான் போவார்கள். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அவர் காலடியில் வைக்கவேண்டும். ஒரு பிள்ளை ஒன்றை எடுக்கும். அதில் இருக்கிற பூதான் தீர்ப்பு.

போயா என்கிற பௌர்ணமி நாளில் எல்லோருக்கும் லீவு. காலையிலேயே குளித்துவிட்டுப் போனோம். சிவப்புச் செம்பருத்தி ஹட்டனுக்கு, வெள்ளைச் செவ்வந்தி அடுத்த தோட்டத்துக்கு என்று பெரியப்பா சொன்னார். பொட்டலம் யார் கட்டுவது என்று ஒரு பேச்சு வந்தது. அம்மா கை நீட்டினார். பெரியப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"தம்பி, நீயே கட்டு. நீ பக்கத்துப் பள்ளிக்கூடம்னு சொன்னவன். உம்மேல யாருக்கும் சந்தேகம் வராது."

எனக்குப் பெரும் சந்தோஷம். ஏனென்றால் நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். செம்பருத்தி பெரிய பூ, செவ்வந்தி சின்னது. அம்மா என்றால் இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கிக் கட்டிவிடுவார். அப்பாவுக்கு அந்த நுணுக்கமெல்லாம் வராது. குண்டுப் பொட்டலத்தை எடுத்தால் ஹட்டன். அவ்வளவுதான். இப்படி ஒரு மூளை இருக்கிற பிள்ளையை ஹட்டனுக்கு அனுப்பாமல் எங்கே அனுப்புவார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அப்பா மரத்துக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். காலடியில் வைத்தார். பார்த்தேன். இரண்டும் குண்டு. ஒரு சுற்றுக்கூட வித்தியாசமில்லை. என் திட்டம் அங்கேயே செத்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கண்ணை மூடி, வலப்பக்கம் இருந்ததை எடுத்தேன்.

பெரியப்பா பிரித்தார். செம்பருத்தி.

அம்மா என்னைத் தூக்கியே விட்டார். பெரியப்பா பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மத்ததையும் பிரிச்சுப் பாரு தம்பி" என்றார்.

அப்பா அதற்குள் மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். "சாமி வேணாம்னு ஒதுக்குனத நாம பிரிக்கக் கூடாதுங்கண்ணே. ஓடையில விட்டுர்றேன்" என்றார். அப்பா பெரியப்பாவுக்கு மறுத்துச் சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். சாமி விஷயம் என்பதால் பெரியப்பாவும் தலையசைத்தார். அந்தச் செம்பருத்தியை அவரே என் தலையில் வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது அப்பா எல்லோருக்கும் பின்னால் தனியாக நடந்து வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் பக்கம் தோற்றுவிட்டதல்லவா? கிட்டப் போய், "கவலப்படாதீங்கப்பா, சாமி சொல்லிட்டா நாம என்ன செய்ய?" என்று தேற்றினேன்.

"ஆமாம்மா. சாமி சொன்னா கேட்டுத்தானே ஆகணும்" என்றார் அப்பா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மத்தியானம் நானும் அம்மாவும் பீலியில் உடுப்புத் துவைத்தோம். மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம் அது. அப்பாவின் சட்டையை நான்தான் எடுத்தேன். பையில் ஏதோ நசநசவென்று கைக்குப் பட்டது. வெளியே எடுத்தேன். இலையெல்லாம் கிழிந்து, உள்ளே நசுங்கிய செம்பருத்தி. பை முழுக்கச் சிவப்பாகச் சாயம் ஏறியிருந்தது.

நான் என் தலையைத் தொட்டுப் பார்த்தேன். என் பூ தலையிலேயே இருந்தது.

"அம்மா, இங்க இன்னொரு செம்பருத்தி!" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். ஈரக் கை. பூவைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பெரியம்மா வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியே இந்த மனுசன்" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அந்தப் பையை மட்டும் வெகுநேரம் தேய்த்தார்.

எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கியது. அப்பா எனக்காக இன்னொரு பூவும் பறித்திருக்கிறார், கொடுக்க மறந்துவிட்டார். இதற்குப்போய் அம்மா ஏன் இப்படி உட்காரவேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. வெள்ளைச் செவ்வந்தி எங்கே போனது என்று நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் அப்பா வேலை முடிந்து வரும்போது டோர்ச்சுக்கு இரண்டு பெட்டரி வாங்கி வந்தார்.