அம்மா தீனி போட்ட ஆப்ப மாவு

அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்த அன்று, டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பேட்டை வீட்டில் இருந்தது அம்மா, அக்கா, நான். இல்லாதவர்கள், ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கப் போயிருந்த அப்பாவும், வேறு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து கப்பலில் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டாரும். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆப்பம் பிடிக்கும் என்று தரகர் சொன்னதால், ஆப்பம் பூவாக வந்தே தீரவேண்டும்.

நான் ஈஸ்ட் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் ஆயிற்றே, வாங்கியதோடு நிற்காமல் விளக்கவும் செய்தேன். இது வெறும் பொடியில்லை, உயிருள்ளது. சர்க்கரையைத் தின்று காற்று விடும், அதில்தான் மாவு பொங்கும்.

"அப்ப உன் ஜாதிதான்" என்றாள் அக்கா. அம்மா மட்டும் சிரிக்காமல் யோசித்தாள்.

மாவைக் கரைத்து முடித்ததும் அப்பா போன் செய்தார். "சமுந்தர் கராப். ஜஹாஜ் நாளைக்குத்தான்." கடல் கொந்தளிப்பாம், கப்பல் அன்றைக்கு வராது.

ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றேன். காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாத அம்மா, உயிருள்ளதைக் குளிரில் பட்டினி போட்டுவிட்டு நல்ல காரியம் பேசமுடியாது என்றுவிட்டாள். வேளாவேளைக்குச் சர்க்கரை போட்டாள். வெறும் இனிப்பு எப்படிப் போதும் என்று அரிசிமாவும் கரைத்து ஊற்றினாள். அது அண்டாவை நிரப்பி, குக்கரை நிரப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடையில் நடந்தது. கடைசியில் புது பக்கெட் வாங்க ஓடினேன்.

மறுநாள் அப்பா அவர்களை அழைத்து வந்தார். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே மூக்கைச் சுளித்து நின்றுவிட்டார்.

"வீட்ல சரக்கு காச்சுறீங்களா?"

அக்காவின் முகம் செத்துவிட்டது. நான் பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். "இல்ல அத்தை, ஈஸ்ட் சர்க்கரையத் தின்னா காத்தோட கொஞ்சம் ஆல்கஹாலும் வரும்."

அம்மா கரண்டியை ஓங்கியேவிட்டாள். அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளையின் அப்பா, "எவ்ளோ வரும் தம்பி?" என்றார்.

"கொஞ்சந்தான் மாமா. சுட்டாப் போயிரும்."

"அப்ப ரொம்ப சுடாதீங்க" என்று செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பசி. புளிப்பு தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டே தின்றவர், மாவு தீரவில்லை என்றதும் தானே சட்டியைச் சுழற்ற வந்துவிட்டார். தெருவுக்கே கொடுத்த பிறகுதான் பக்கெட்டின் அடி தெரிந்தது. அடுப்படியிலேயே சம்மதம் சொன்னார்கள். சீர்வரிசை ஒன்றும் கேட்கவில்லை. அரிசி, சர்க்கரை, தேங்காய், பக்கெட் எல்லாம் சேர்த்து அந்தச் சம்பந்தத்துக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.